இந்த சோல் யாருக்கும் தோன்றக்கூடியதா? – காப்புரிமை கேள்வி பதில்

கேள்வி: ஆம்பூரில் டி.பி.ஆர். (உருக்கி வார்க்கக்கூடிய ஒரு வகை ரப்பர்) சோல் வார்க்கும் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறோம். ஈரமான டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருப்பதற்காக, சோலின் ஓரங்களில் அறுகோணக் குமிழ்களும் முன்பாதத்தின் அடியில் அலை அலையான மெல்லிய வெட்டுகளும் உள்ள ஒரு மாதிரியைச் செய்திருக்கிறோம். இதற்குக் காப்புரிமை எடுக்கலாம் என்று நினைத்தபோது, இத்தொழிலில் நீண்டகால அனுபவமுள்ள உறவினர் ஒருவர், "குமிழும் பழசு, வெட்டும் பழசு. இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான், பணத்தை வீணாக்காதே" என்கிறார். ஒரு சோல் யாருக்கும் தோன்றக்கூடியதா இல்லையா என்பதை எப்படி முடிவு செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆம்பூர்

பதில்: தங்கள் கடிதத்தில் இருந்த வரைபடத்தையும், வெட்டுகளின் ஆழம், இடைவெளி பற்றிய அளவுகளையும் வேண்டுமென்றே நீக்கியிருக்கிறேன். விண்ணப்பம் தாக்கல் செய்வதற்கு முன்பு அவை இந்தப் பத்திரிகையில் அச்சானால், அந்த இதழே தங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். இப்பகுதிக்கு எழுதும் மற்ற வாசகர்களும், தங்கள் சிக்கலை மட்டும் விவரித்துவிட்டுத் தீர்வின் நுணுக்கத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உறவினரின் முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் அந்த முடிவுக்கு வந்த வழி, சட்டம் செல்லும் வழி அல்ல. காப்புரிமை பெற்ற பொருள்களில் பெரும்பாலானவை பழைய உறுப்புகளால் ஆனவைதான் என்பதால், உறுப்புகள் பழையவை என்று காட்டிவிட்டால் மட்டும் விசாரணை முடிந்துவிடுவதில்லை. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 2(1)(ஜேஏ) இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. முன்பே இருந்த அறிவோடு ஒப்பிடும்போது தொழில்நுட்ப முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, அல்லது இரண்டுமோ இருக்க வேண்டும் என்பது முதலாவது. அந்தக் கூறு, துறையில் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. நன்றாக விற்கிறது என்பது முதல் நிபந்தனைக்கு உதவலாம். இரண்டாவதை அதனால் மட்டும் தாண்ட முடியாது.

அந்தத் "துறையில் தேர்ச்சி பெற்றவர்" சட்டம் கற்பனை செய்துகொண்ட ஒரு மனிதர். தங்கள் சோலைப் பொறுத்தவரை, அச்சு வெட்டத் தெரிந்தவராகவும், ரப்பர் கலவைகளின் இயல்பு அறிந்தவராகவும், நடக்கும்போது பாதம் எங்கே அழுந்துகிறது என்று தெரிந்தவராகவும் அவரை நினைத்துக்கொள்ளலாம். உலகின் எந்த மூலையில் எந்த மொழியில் வெளியான சோல் காப்புரிமையும் அவர் மேசையில் இருப்பதாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். ஆனால் அவருடைய கற்பனைத் திறன் சராசரியானது. தங்கள் உறவினரோ இதற்கு நேர்மாறானவர். அவர் படிக்காதவை ஏராளமாக இருக்கும், ஆனால் கைத்திறனும் யூகமும் சராசரிக்கு மேலானவையாக இருக்கும். ஆகவே அவருக்குத் தோன்றுவதை வைத்தும் முடிவு செய்ய முடியாது, அவருக்குத் தோன்றாததை வைத்தும் முடிவு செய்ய முடியாது.

இனித் தங்கள் சோலையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். முதல் வேலை, பாதுகாப்பு கோரும் பொருளை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. காப்புரிமை விண்ணப்பத்தில் இதையே உரிமைக்கோரல் என்கிறோம். "வழுக்காத சோல்" என்று எழுதினால் அது விருப்பமே தவிர உரிமைக்கோரல் ஆகாது. எந்தக் குமிழ், எந்த இடத்தில், எந்த வெட்டுக்கு எவ்வளவு அருகில், அதனால் நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று எழுத வேண்டும். இந்த வாக்கியத்தை எழுதும்போதே பலருக்குத் தங்கள் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது என்பது முதன்முறையாகத் தெளிவாகிறது. சிலருக்கு அது எங்கும் இல்லை என்பதும் தெளிவாகிறது.

இரண்டாவது வேலை தேடுதல். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளமும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டும் இலவசம். சொற்களைக் கொண்டு மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். பன்னாட்டு வகைப்பாட்டில் சோல்களுக்குரிய ஏ43பி 13 என்ற பிரிவையும், அதற்குள் வழுக்காத, தேயாத சோல்களுக்கான 13/22 என்ற உட்பிரிவையும் பார்க்க வேண்டும். தேடினால் எதிரே வரக்கூடிய சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தைச் சேர்ந்த ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மேன் 1974இல் பெற்ற காப்புரிமை, செயற்கைத் தரையில் பிடிப்புக் கிடைப்பதற்காகப் பல பக்கங்கள் கொண்ட குட்டையான குமிழ்களைச் சோலில் வைப்பதைப் பற்றியது. ஆகவே அறுகோணக் குமிழ் என்பதைத் தனியாகத் தாங்கள் கோர முடியாது. மெல்லிய வெட்டுகளும் அப்படியே. ஈரமான படகுத் தளத்தில் வழுக்காமல் இருக்க ரப்பர் சோலில் மெல்லிய நெளிவு வெட்டுகளைப் போட்டு, பால் ஸ்பெர்ரி என்ற அமெரிக்கர் 1935இலேயே காலணி கொண்டுவந்தார். அது மட்டுமல்ல, அவருடைய காலணியின் நோக்கமும் தங்கள் நோக்கமும் ஒன்றே: ஈரத் தரையில் பிடிப்பு.

மூன்றாவது வேலை, எஞ்சியிருக்கும் வேறுபாட்டைக் கண்டறிவது. தங்கள் விஷயத்தில் அது, இந்த இரண்டையும் ஒரே சோலில் வெவ்வேறு இடங்களில் சேர்த்திருப்பது. இங்கேதான் சட்டத்தின் பிரிவு 3(எஃப்) குறுக்கே வருகிறது. தெரிந்த சாதனங்களை அருகருகே அமைத்து, அவை ஒவ்வொன்றும் மற்றதைச் சாராமல் தன் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தால், அந்த அடுக்கல் கண்டுபிடிப்பே அல்ல என்கிறது அப்பிரிவு. ஓரக் குமிழ் ஓரத்தில் பிடிக்கிறது, முன்பாத வெட்டு முன்பாதத்தில் பிடிக்கிறது என்றால் தங்கள் உறவினர் வென்றார். நம் உச்ச நீதிமன்றமும் 1978 டிசம்பரில், பிஷ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் இதே கருத்தைப் பாத்திரக் கடைசல் இயந்திரம் ஒன்றின் மீது வைத்துச் சொன்னது. பட்டறையில் வேலை தெரிந்தவர் வழக்கமாகச் செய்யக்கூடிய மேம்பாட்டைத் தாண்டிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்றும், பழையவற்றைச் சேர்ப்பதென்றால் அச்சேர்க்கையிலிருந்து புதிய விளைவோ, புதிய பொருளோ, முன்பைவிடச் சிறந்த அல்லது மலிவான பொருளோ பிறக்க வேண்டும் என்றும் கூறி, அந்தக் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. காலணித் தொழிலில் இருப்பவர்கள், சோல், பாத்திரம் என்ற வேறுபாட்டைப் பாராமல், படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

பொருளை மட்டும் மாற்றுவதும் பெரும்பாலும் இந்தத் தடையிலேயே விழும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851இல் ஒரு கதவுக் கைப்பிடி வழக்கில், உலோகத்துக்கும் மரத்துக்கும் பதிலாகக் களிமண்ணில் செய்ததைத் தவிர வேறு புதுமை இல்லை என்று கூறி அந்தக் காப்புரிமையை ஏற்க மறுத்தது. ரப்பரில் இருந்த தடத்தை டி.பி.ஆரில் வார்த்தேன், பி.யு.வில் (பாலியூரித்தேன்) ஊற்றினேன் என்று வரும் விண்ணப்பங்கள் இன்றும் அந்தக் கைப்பிடியின் கதியைத்தான் அடைகின்றன.

நான்காவது வேலைதான் உண்மையான சிக்கல். அந்தக் கற்பனை மனிதர் ஸ்பெர்ரியின் வெட்டையும் பவர்மேனின் குமிழையும் பார்த்துவிட்டு, இரண்டையும் இந்த முறையில் சேர்க்க அவருக்கு ஏதேனும் காரணம் இருந்ததா? சேர்த்திருக்க முடியுமா என்று கேட்பது எளிது. முடியாதது மிகக் குறைவு. சேர்த்திருப்பாரா என்று கேட்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் என்ற வழக்கில், அந்தக் காரணம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றது. தொழிலின் தேவை, சந்தையின் நெருக்கடி, கைவசம் உள்ள சில வழிகளில் ஒன்றைத் தேர்ந்து பார்க்கும் இயல்பான முயற்சி ஆகியவையும் காரணமாகலாம் என்றும், தெரிந்த உறுப்புகளைச் சேர்த்து எதிர்பார்த்த விளைவே கிடைத்தால் அது யாருக்கும் தோன்றக்கூடியதே என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. அவ்வழக்கு காரின் ஆக்சிலரேட்டர் மிதி பற்றியது. இந்திய அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இங்குள்ள ஆய்வாளர்கள் எழுப்பும் கேள்விகளும் பெரும்பாலும் இதே போக்கில் அமைவதால், அதை அறிந்திருப்பது நல்லது.

ஆகவே தங்களுக்கு வேண்டியது எதிர்பாராத விளைவுக்கான சான்று. இதை வாதத்தால் நிறுவ முடியாது, சோதனையால்தான் நிறுவ முடியும். ஒரே கலவையில், ஒரே கடினத்தன்மையில், ஒரே அளவில் நான்கு வகைச் சோல்களை வார்த்துக்கொள்ளுங்கள்: எதுவும் இல்லாத வழவழப்பான சோல், குமிழ் மட்டும் உள்ளது, வெட்டு மட்டும் உள்ளது, இரண்டும் சேர்ந்தது. கலவை மாறினால் ஒப்பீடு பயனற்றுப் போகும்; ஏனெனில் மென்மையான ரப்பர் எந்தத் தடமும் இல்லாமலே கூடுதலாகப் பிடிக்கக்கூடும், அந்தப் பெருமை தடத்துக்குச் சேராது. வழுக்கலை அளக்க ஐ.எஸ்.ஓ. 13287 என்ற பன்னாட்டு முறை இருக்கிறது. பீங்கான் டைல் மீது சோப்புக் கரைசலைப் பரப்பி, காலணியைக் குறிப்பிட்ட எடையில் அழுத்தி நகர்த்தி, உராய்வுக் கெழுவைக் கணக்கிடுவது அதன் அடிப்படை. காலணிச் சோதனைக்கு அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். குமிழால் ஓரளவு, வெட்டால் ஓரளவு, இரண்டும் சேர்ந்தால் அவ்விரண்டின் கூட்டுக்கு ஏறத்தாழச் சமம் என்று முடிவு வந்தால், காப்புரிமை எண்ணத்தைக் கைவிடலாம். கூட்டைவிடக் கணிசமாக அதிகம் என்று வந்து, முன்பாதம் ஊன்றும்போது வெட்டுகள் விரிந்து நீரை ஓரக் குமிழ்களுக்கு இடையிலான வழியில் தள்ளுகின்றன என்பது போன்ற காரணத்தையும் காட்ட முடிந்தால், அந்த ஒட்டுறவுதான் தங்கள் கண்டுபிடிப்பு. உரிமைக்கோரலும் அதைச் சுற்றியே எழுதப்பட வேண்டும்.

கடிதத்தில் உள்ளபடி, பொதுவான அளவில் பார்த்தால், ஆய்வாளர் மறுப்பார் என்றே கருதுகிறேன். தாங்கள் அனுப்பிய அளவுகளைக் கொண்டு குறுக்கி எழுதினால், சோதனை முடிவும் துணைக்கு நின்றால், வாய்ப்பு இருக்கிறது. ஆய்வு அறிக்கை வந்த பிறகு பதிலளிக்க ஆறு மாத அவகாசம் உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் சொல்லாத புதிய விஷயத்தை அப்போது உள்ளே நுழைக்க முடியாது என்பதால், அந்த அளவுகளும் காரணமும் முதல் நாளிலேயே விவரக்குறிப்பில், அதாவது கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு தரும் ஆவணத்தில், இடம்பெற வேண்டும்.

கேள்வி: எந்தக் கண்டுபிடிப்பும் பார்த்த பிறகு எளிதாகத்தான் தெரியும். கையில் சோலை வைத்துக்கொண்டு "இது தோன்றாதா?" என்று ஆய்வாளர் கேட்பது நியாயமா?
– பொறியியல் கல்லூரி மாணவி, கோவை

பதில்: நியாயமில்லை என்பதை நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டுள்ளன. விண்ணப்பம் தாக்கலான தேதிக்கு முந்தைய நாளில் நின்று, தீர்வைப் பார்க்காதவராகச் சிக்கலை மட்டும் பார்க்க வேண்டும் என்பது விதி. அதைக் கடைப்பிடிப்பது மனித மனத்துக்குக் கடினம் என்பதால், புறச்சான்றுகளையும் கணக்கில் கொள்ளும் வழக்கம் உருவாயிற்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966இல் கிரகாம் எதிர் ஜான் டியர் வழக்கில் அவற்றுள் சிலவற்றைக் குறிப்பிட்டது: வணிக வெற்றி, நெடுங்காலமாகத் தீராதிருந்த தேவை, மற்றவர்கள் முயன்று தோற்றது.

இவற்றுள் நெடுங்காலத் தேவை என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, மலையேற்றக் காலணியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு சோல்களின் வரலாற்றில் இல்லை. ஆல்ப்ஸ் மலையில் ஏறுபவர்கள் 1930களிலும் அடியில் இரும்பாணி அடித்த கனத்த பூட்சுகளை அணிந்து சென்று, செங்குத்துப் பாறையை அடைந்ததும் கம்பளி அல்லது சணல் அடியுள்ள மெல்லிய காலணிக்கு மாறிக்கொள்வார்கள். அந்த மெல்லிய காலணி பாறைக்கு ஏற்றது, பனிக்கும் குளிருக்கும் ஆகாதது. 1935இல் இத்தாலியின் பூந்தா ராசிகா சிகரத்தில் திடீர்ப் பனிப்புயலில் சிக்கி ஆறு பேர் உயிரிழந்தனர். அந்தக் குழுவைச் சேர்ந்த விட்டாலே பிரமானி, பாறையையும் பனியையும் ஒரே காலணியால் சமாளிக்க வேண்டும் என்று முனைந்து, டயர் நிறுவனமான பிரெல்லியின் துணையோடு ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர் சோலை 1937இல் கொண்டுவந்தார். அவருடைய பெயரின் எழுத்துகளாலேயே வைப்ராம் என்ற நிறுவனப் பெயர் அமைந்தது. பதப்படுத்திய ரப்பர் அதற்குள் நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்தது, டயர்களில் ஆழ்ந்த தடங்களும் இருந்தன, மலையேறுபவர்களுக்குத் தேவையும் கண்கூடாக இருந்தது. இவ்வளவும் இருந்தும் ஆணியடித்த பூட்சே தொடர்ந்தது என்றால், "யாருக்கும் தோன்றியிருக்கும்" என்று சொல்பவர்தான் அந்தத் தாமதத்துக்கு விளக்கம் தர வேண்டும்.

பவர்மேனின் கதை இதற்கு மறுபக்கம். பல்கலைக்கழக ஓட்டத்தளம் சாம்பல் மண்ணிலிருந்து செயற்கைப் பரப்புக்கு மாறியபோது, ஆணியில்லாமல் பிடிப்புத் தரும் சோலைத் தேடினார். 1970களின் தொடக்கத்தில் ஒரு காலை உணவின்போது, மனைவி பார்பரா வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த அச்சின் கட்டங்கள் கண்ணில் பட, யூரித்தேன் கலவையை அதில் ஊற்றினார். எண்ணெய் தடவ மறந்ததால் அச்சு ஒட்டிக்கொண்டு பாழானது. இக்கதையில் சுவை அதிகம். சட்ட வாதமாக அது பெரிதும் பயன்படாது. கண்டுபிடிப்பு உழைப்பால் வந்ததா தற்செயலாக வந்ததா என்பது கேள்வியே அல்ல. பத்தாண்டு பாடுபட்டதும் தோன்றக்கூடியதாக இருக்கலாம், ஒரு காலை உணவில் உதித்ததும் காப்புரிமைக்கு உரியதாக இருக்கலாம். அவருக்குச் சாதகமாக இருந்தது வேறொன்று: தரை மாறியிருந்தது, அதற்கேற்ற சோல் அதுவரை வந்திருக்கவில்லை.

வணிக வெற்றியை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். விளம்பரத்தில் நடிகர் வந்ததாலோ, விலையைக் குறைத்ததாலோ, அப்பர் (காலணியின் மேற்பகுதி) அழகாக இருந்ததாலோ விற்ற காலணியின் கணக்கைக் கொண்டுவந்து சோலின் புதுமைக்குச் சான்றாகக் காட்ட முடியாது. அந்தச் சோலுக்காகவே வாங்கினார்கள் என்று காட்ட வேண்டும், அது கடினம்.

கேள்வி: மழைநீரை வெளியே தள்ளும் கார் டயரின் தடத்தைச் செருப்பின் அடியில் கொண்டுவர நினைக்கிறேன். டயர் வேறு தொழில், செருப்பு வேறு தொழில் என்பதால், இதை யாருக்கும் தோன்றக்கூடியது என்று தள்ள முடியாது அல்லவா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகத் தள்ள முடியும். வேறு துறையில் இருப்பது என்ற காரணத்தால் மட்டும் ஒரு ஆவணம் கணக்கிலிருந்து விலகிவிடாது; அதே சிக்கலைத் தீர்க்க முனைபவர் இயல்பாக எட்டிப் பார்க்கும் அண்டைத் துறையாக இருந்தால் அதுவும் சேரும். டயரும் சோலும் எவ்வளவு நெருக்கம் என்பதற்கு நம் ஊர்ச் சாலையோரத்தில் லாரி டயரை வெட்டித் தைத்து விற்ற டயர் செருப்பே போதும். அந்தத் தொழிலாளி இரு துறைகளையும் ஒரு கத்தியால் இணைத்துவிட்டார். டயரில் மெல்லிய வெட்டுகள் இடும் முறைக்கு 1920களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்பவரே, முதலில் ஈரத் தரையில் வழுக்காமல் இருக்கத் தம் காலணியின் அடியைத்தான் கீறிக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. ஆய்வாளர் சோல்களுக்குரிய பிரிவோடு நிற்காமல், டயர் தட வெட்டுகளுக்குரிய பி60சி 11/12 என்ற பிரிவையும் திறந்து பார்ப்பார் என்று எதிர்பாருங்கள்.

ஆனால் வழி முற்றிலும் அடைபடவில்லை. டயர் ஒரே திசையில், விடாமல், ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் உருள்கிறது. பாதமோ குதிகாலில் இறங்கி, வெளிவிளிம்பு வழியே உருண்டு, பெருவிரலில் உந்தி எழுகிறது. குதிகால் இறங்கும் கணத்தில் வழுக்கல் முன்னோக்கி நேர்கிறது, உந்தும் கணத்தில் பின்னோக்கி நேர்கிறது. டயரின் தடத்தை அப்படியே ஒட்டினால் ஒரு கட்டத்தில் உதவி, மறு கட்டத்தில் கெடுக்கக்கூடும். அந்த முரணைத் தீர்க்கத் தடத்தின் திசையையோ ஆழத்தையோ தாங்கள் எப்படி மாற்றினீர்கள் என்பதில் ஏதேனும் இருந்தால், அதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். டயரிலிருந்து எடுத்தேன் என்ற எண்ணத்துக்கு யாரும் காப்புரிமை தரமாட்டார்கள்.

கேள்வி: சிவப்பு நிற சோலுக்கு ஒரு பிரெஞ்சு நிறுவனம் காப்புரிமை வைத்திருக்கிறதாமே? நிறத்துக்குக் கூடவா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அது காப்புரிமை அல்ல, வணிகச் சின்னம். கிறிஸ்டியன் லூபூத்தான் நிறுவனத்தின் சிவப்பு சோலை, அப்பர் வேறு நிறத்தில் இருக்கும் அளவில், 2012இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சின்னமாக ஏற்றது. 2018இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அந்நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வணிகச் சின்னத்தில், யாருக்கும் தோன்றக்கூடியதா என்ற கேள்வியே எழாது. பார்த்தவுடன் இன்னாருடைய சரக்கு என்று வாங்குபவர் அடையாளம் காண்கிறாரா என்பதே அங்கே கேள்வி.

கேள்வி: எங்கள் சோலில் தொழில்நுட்பப் புதுமை என்று எதுவும் இல்லை, அடியில் உள்ள கோலம் மட்டும் புதியது, பார்க்க அழகாக இருக்கிறது. இதைக் காக்க வழி உண்டா? "பழைய கோலங்களின் கலவை" என்று இதையும் தள்ளிவிடுவார்களா?
– காலணி ஏற்றுமதி நிறுவன ஊழியர், வாணியம்பாடி

பதில்: தோற்றத்துக்கு உரிய இடம் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு பெற்றால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு. கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படும் வடிவம், கோலம், அலங்காரம் ஆகியவற்றையே அது காக்கும். வேலை செய்யும் விதத்தைக் காக்காது. அங்கேயும் தாங்கள் அஞ்சும் தடை உண்டு. தெரிந்த வடிவமைப்புகளிலிருந்தோ அவற்றின் கலவையிலிருந்தோ குறிப்பிடத்தக்க அளவு வேறுபடாதது பதிவாகாது என்று பிரிவு 4 கூறுகிறது.

இது எப்படி அளக்கப்படுகிறது என்பதற்கு, சோலைப் பற்றியே எழுந்த ஒரு அமெரிக்க வழக்கு பொருத்தமானது. அந்நாட்டில் தோற்றத்துக்கும் காப்புரிமை என்ற பெயரிலேயே பாதுகாப்புத் தருகிறார்கள். ஏவியா நிறுவனம் ஒரு விளையாட்டுக் காலணியின் மேற்பகுதிக்கு ஒன்றும் அடிச் சோலுக்கு ஒன்றுமாக இரண்டு பெற்றிருந்தது. எல்.ஏ. கியர் நிறுவனம், இவை பழைய கூறுகளின் கலவை, அதிலும் சோலில் உள்ளவை எல்லாம் வேலைக்காக அமைந்தவை, அலங்காரம் அல்ல என்று வாதிட்டது. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சோலில் உள்ள ஒவ்வொரு கூறும் செய்யும் வேலையை வேறு வடிவங்களாலும் செய்ய முடியும், செய்தும் இருக்கிறார்கள், மேலும் பாதம் சுழலும் புள்ளியைச் சுற்றி அமைந்த சுழல் கோலத்துக்கு எந்த வேலையும் இருப்பதாக எதிர்த்தரப்பே சொல்லவில்லை என்பது கீழ் நீதிமன்றம் காட்டிய காரணம், அது நிலைநிறுத்தப்பட்டது. உறுப்புகள் பழையவையா என்பதைவிட, முழுத் தோற்றம் பழையதா என்பதே அங்கே எடைபோடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே எல்.ஏ. கியர், வேறொரு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், தன் காலணி பழைய கூறுகளின் கலவை என்ற அதே வாதத்தை எதிர்கொண்டு 1993இல் வென்றது.

இவை பழைய தீர்ப்புகள் என்பதை நினைவில் வையுங்கள். அமெரிக்கச் சந்தைக்கு ஏற்றுமதி செய்யும் தங்களைப் போன்றவர்களுக்கு, 2024 மே மாதத் தீர்ப்பு முக்கியமானது. அதுவரை, ஒரு வடிவமைப்பு தோன்றக்கூடியது என்று சொல்வதற்கு, ஏறத்தாழ அதே தோற்றமுள்ள ஒற்றை முன்மாதிரியை முதலில் காட்ட வேண்டும் என்ற கடுமையான விதி இருந்தது. கார் மட்கார்டு பற்றிய எல்.கே.க்யூ. எதிர் ஜி.எம். வழக்கில் அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதியைக் கைவிட்டு, 1966ஆம் ஆண்டின் கிரகாம் அளவுகோலையே தோற்றத்துக்கும் பொருத்தியது. இனி அங்கே சோல் கோலங்களை எதிர்ப்பது முன்பைவிட எளிது.

இந்தியாவில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது முன்வெளியீடு. கிராக்ஸ் நிறுவனம் தன் துளையிட்ட காலணியின் வடிவமைப்புப் பதிவைக் கொண்டு பல இந்திய நிறுவனங்களுக்குத் தடை கோரியபோது, பதிவுக்கு முன்பே ஹோலி சோல்ஸ் என்ற நிறுவனத்தின் அதுபோன்ற காலணி இணையத்தில் வெளியாகியிருந்ததைக் காட்டும் பக்கங்கள் எதிரே வைக்கப்பட்டன. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2019 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. பழைய இணையப் பக்கத்தின் சேமிப்புப் பிரதி ஒன்று உலகளாவிய நிறுவனத்தின் பதிவையே அசைக்க முடியும் என்றால், தங்கள் நிறுவனத்தின் பழைய கேட்லாக், கண்காட்சிப் புகைப்படம், வாட்ஸ்அப் வழியே வாங்குவோருக்குச் சுற்றிய படம் ஆகியவற்றைப் பதிவுக்கு முன்பு சரிபார்ப்பது அவசியம்.

கேள்வி: சோதனைக்காக ஒரு மருத்துவமனைப் பணியாளர்களுக்கு எங்கள் புதிய சோல் உள்ள செருப்பைக் கொடுத்தோம். சில ஜோடிகளைக் கடைக்காரர்களுக்கும் மாதிரியாகத் தந்தோம். இனிக் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியாதா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு சோலைப் பொது இடத்தில் நடந்து பார்க்காமல் சோதிக்க முடியாது என்பதைச் சட்டம் உணர்ந்திருக்கிறது. நியாயமான சோதனைக்காக மட்டும், கண்டுபிடிப்பின் இயல்பு காரணமாகப் பொதுவெளியில் பயன்படுத்த வேண்டியிருந்தால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நடந்த அத்தகைய பயன்பாடு தடையாகாது என்கிறது பிரிவு 32. மருத்துவமனைச் சோதனை இதில் அடங்கக்கூடும். யாருக்கு, எந்தத் தேதியில், எதை அறிவதற்காகக் கொடுத்தீர்கள் என்ற குறிப்பும் அவர்கள் தந்த கருத்தும் கைவசம் இருக்க வேண்டும். விலை வாங்கியிருந்தால் அது சோதனை மட்டுமே என்று வாதிடுவது கடினமாகிவிடும்.

கடைக்காரர்களுக்குத் தந்த மாதிரி ஆபத்தானது. இரகசியம் காப்பதாக எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால், அது பொதுவெளியில் அறியப்பட்டதாகவே எதிர்ப்பவர் வாதிடுவார். சோலில் மறைப்பதற்கு எதுவும் இல்லை, புரட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அமெரிக்காவில் தன் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு சலுகை உண்டு. இந்தியாவில் அத்தகைய பொதுச் சலுகை இல்லை, ஐரோப்பாவிலும் இல்லை. மாதிரி கொடுத்த தேதிகளையும், எழுத்தில் ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு காப்புரிமை முகவரைச் சந்தியுங்கள்.

இன்னும் யாருக்கும் காட்டாதவர்களுக்கு ஒரு வழி: சோதனைகள் முடியும்வரை காத்திருக்காமல், தாற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துத் தேதியைப் பெற்றுக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்யலாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். பின்னர் ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய், அதை முதல் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் தர வேண்டும். தமிழ்நாட்டினருக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தாற்காலிக விவரக்குறிப்பில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டுமே அந்தத் தேதி கிடைக்கும் என்பதால், இரண்டு வரியில் முடித்துவிடாமல், கைவசம் உள்ள வரைபடங்களையும் அளவுகளையும், கைவிட்ட மாற்று வடிவங்களையும்கூட அதில் சேர்த்துவிடுங்கள்.